கடிதத்தில் வெட்டப்படும் வரிகள்: வான்கோ, தியோ, மட்டாஞ்சேரி

மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடத்துக்குப் பரதேசி என்பது பெயரடை. வேற்று நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் கூடம் என்பதே அதன் பொருள். அதே சொல் தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் கையேந்தித் திரிபவன், நாதியற்றவன் என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. ஊர்விட்டு ஊர் வந்தவரும் இரந்து நிற்பவரும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிட்ட மொழியில், புலம்பெயர்ந்த ஒருவர் தம் கூலியைக் கேட்டாலும் அது இரத்தலாகவே காதில் விழும். புலம்பெயர் ஓவியர்கள் கலை வணிகர்களுக்கு எழுதிய கடிதங்களைத் தமிழ்க் கல்விப்புலம் படிக்கும் முறைக்கு இச்சொல்லின் சரிவே போதிய முன்னுரை.

இவ்வகைக் கடிதங்களில் தமிழ் வாசகர் நன்கறிந்தவை வின்சென்ட் வான்கோ தம் தம்பி தியோவுக்கு எழுதியவை. கருத்தரங்குகளிலும் சிற்றிதழ்க் கட்டுரைகளிலும் ஆய்வேடுகளின் முன்னுரைகளிலும் அவை இரண்டே தலைப்புகளின் கீழ் வருகின்றன: ஒன்று சகோதர பாசம், மற்றொன்று கலைஞனின் ஆன்ம வேதனை. விண்மீன்கள், சூரியகாந்தி, காது, மனநோய் விடுதி, துப்பாக்கி என்ற வரிசையில் மேற்கோள்கள் அடுக்கப்படுகின்றன. பணம் பற்றிய வரிகள் மேற்கோளில் இடம்பெறுவதில்லை. தேர்ந்தெடுத்த கடிதங்களின் சிறு தொகுப்பு ஒன்றை உருவாக்கும்போது முதலில் வெட்டுப்படுபவையும் அவைதாம். அந்த வரிகளை வெட்டிவிட்டால் எஞ்சுவது வேறொரு நூல், வேறொரு மனிதர். இவ்வாசிப்பு தவறானது. அது சில ஐரோப்பியக் கடிதங்களைத் திரித்துப் படிப்பதோடு நிற்காமல், உழைப்புக்கு ஊதியம் கேட்கும் இன்றைய ஓவியரையும் தவறாகப் பார்க்கப் பழக்குகிறது.

முதலில் எளிய உண்மைகள். தியோ வான்கோவின் தொழில் ஓவிய வணிகம். 1873இல் கூப்பில் நிறுவனத்தின் பிரஸ்ஸல்ஸ் கிளையில் வேலைக்குச் சேர்ந்தவர், பின்னர் பாரிஸில் மோன்மார்த்ர் பெருந்தெருவில் இருந்த அந்நிறுவனத்தின் கடையைப் பொறுப்பேற்று நடத்தினார். மோனே, பிசாரோ, தெகா, கொகேன் ஆகியோரின் படைப்புகள் அவர் கைவழியே விற்பனைக்கு வந்தன. வின்சென்ட்டும் இத்தொழிலுக்குப் புதியவரல்லர். 1869இல், பதினாறு வயதில், அதே நிறுவனத்தின் ஹேக் நகரக் கிளையில் சேர்ந்து, லண்டனிலும் பாரிஸிலும் பணிபுரிந்து, 1876இல் வெளியேற்றப்பட்டவர் அவர். ஓவியச் சந்தையில் எது எவ்விலைக்குப் போகும், வாங்குபவர் எதை விரும்புவார், வணிகர் எங்கே இலாபம் வைப்பார் என்பனவற்றை ஏறத்தாழ ஏழாண்டுகள் கடைக்குள் இருந்து கற்றவர் எழுதிய கடிதங்கள் இவை. உலகியல் அறியாத பித்தர் என்ற படிமத்தை ஏற்குமுன் இவ்வேழாண்டுகளுக்கு ஆய்வாளர் விடை சொல்ல வேண்டும்.

அடுத்தது ஒப்பந்தம். 1884இன் தொடக்கத்தில், நூனன் என்ற ஊரிலிருந்து, வின்சென்ட் தியோவிடம் ஒரு ஏற்பாட்டை முன்வைத்தார். தம் படைப்புகளை அனுப்பிவிடுவதாகவும், தியோ அனுப்பும் பணத்தை இனி உதவித்தொகையாகக் கருதாமல் அவற்றுக்கான விலையாக, தாம் ஈட்டிய பணமாகக் கருத விரும்புவதாகவும் எழுதினார். தியோ இசைந்தார். பொதுவாக மாதம் 150 பிராங்க் என்ற அளவில் பணம் வந்தது. வண்ணத்துக்கும் துணிக்குமான செலவில் பெரும்பகுதியையும் தியோவே பாரிஸ் கடைகளில் தனியாகச் செலுத்தினார். அதே ஆண்டில் வின்சென்ட் தியோவைக் கடுமையாகக் குற்றஞ்சாட்டவும் செய்தார்: தம் படைப்புகளில் ஒன்றையேனும் விற்க அவர் முயலவில்லை என்று. இக்குற்றச்சாட்டு தம்பியை நோக்கி எழுந்த மனத்தாங்கல் என்று மட்டும் படித்தால் பாதியே விளங்கும். ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு மறுதரப்பை நோக்கிக் கேட்ட கேள்வி அது.

இவ்வொப்பந்தத்தை மனத்தில் கொண்டால், தமிழில் அடிக்கடி எழுதப்படும் ஒரு வாசகம் ஆட்டங்காணும். வாழ்நாளில் ஒரே ஓவியத்தை விற்றவர் என்பது அது. 1890இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியிலிருந்து ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’ என்ற ஓவியத்தை அன்னா போக் 400 பிராங்குக்கு வாங்கினார், அது மெய். ஆனால் 1882லேயே, மற்றோர் ஓவிய வணிகரான அவருடைய சிற்றப்பா கோர் ஹேக் நகரக் காட்சிகளைப் பன்னிரண்டு கோட்டோவியங்களாக வரையச் சொல்லி 30 கில்டர் கொடுத்திருக்கிறார். அதற்கும் மேலாக, 1884க்குப் பிந்திய படைப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஒப்பந்தப்படி தியோவின் உடைமை. வான்கோவின் ஓவியங்களை எவரும் வாங்கவில்லை என்பதைவிட, ஒரே வணிகர் ஏறத்தாழ அனைத்தையும் மாதத் தவணையில் வாங்கி, வெளியே விற்க முடியாமல் வைத்திருந்தார் என்பதே உண்மைக்கு அருகில் வரும் கூற்று. அவ்வுடைமையால்தான் தொகுப்பு சிதறாமல் நின்றது; 1973இல் ஆம்ஸ்டர்டாமில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்கும் அதுவே அடித்தளம்.

இவ்வேற்பாட்டை வணிகம் என்று அழைப்பது மிகையா என்று ஐயுறுவோருக்கு 1888ஆம் ஆண்டே விடையளிக்கிறது. அவ்வாண்டு கொகேன் ஆர்ல் நகருக்குச் சென்று வின்சென்ட்டுடன் தங்கிப் பணிபுரியத் தியோ வகைசெய்தார். மாதம் 150 பிராங்க்; ஈடாக மாதத்துக்கு ஓர் ஓவியம். அதே தொகை, அதே கொடையாளி, அதே மஞ்சள் வீடு. கொகேனுக்குத் தரப்பட்டதை எல்லா நூல்களும் ஒப்பந்தம் என்கின்றன. வின்சென்ட்டுக்குத் தரப்பட்டதை மட்டும் பாசம் என்கின்றன. பின்னாளில் பசிபிக் தீவுகளிலிருந்து கொகேன் வணிகர் வொல்லாருக்கு எழுதிய கடிதங்களை, மாதம் 300 பிராங்க் முன்பணம், ஓவியம் ஒன்றுக்கு 200 பிராங்க் என்று 1900இல் வகுத்த கணக்கோடு சேர்த்தே எவரும் படிக்கின்றனர். இவ்விரு வாசிப்புகளுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டுக்குக் கடிதங்களுக்குள் சான்று இல்லை. வாசிப்பவரின் விருப்பத்தில் மட்டுமே இருக்கிறது.

மொழியியல் நோக்கில் இக்கடிதங்களை அணுகினால் இன்னும் சில செய்திகள் புலப்படும். இருவரும் டச்சுக்காரர்கள், ஒரே பாதிரியார் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். தொடக்ககாலக் கடிதங்கள் டச்சு மொழியில் உள்ளன. 1886இல் வின்சென்ட் பிரான்சுக்குப் புலம்பெயர்ந்தார். 1888 முதல் ஆர்லிலிருந்து தியோவுக்கு எழுதியவை பிரெஞ்சில் உள்ளன. அண்ணன் தம்பிக்குத் தாய்மொழியை விடுத்து எழுதுகிறார். தம்பியும் பிரெஞ்சில் மறுமொழி எழுதுகிறார். வீட்டு மொழியிலிருந்து சந்தை மொழிக்கான பெயர்வு இது. பாரிஸ் கடையும் வண்ண வணிகரும் கண்காட்சிக் குழுவும் இயங்கிய மொழியில் உறவும் இயங்கத் தொடங்கியது. 1888இல் பாரிஸ் கண்காட்சிப் பட்டியலில் தம் பெயரை வின்சென்ட் என்று மட்டும் அச்சிடுமாறு அவர் தியோவைக் கேட்டுக்கொண்டதற்குச் சொன்ன காரணம், பிரெஞ்சுக்காரர்களால் குடும்பப் பெயரை ஒலிக்க இயலாது என்பது. உலகம் இன்று பண்பட்ட எளிமையின் அடையாளமாகக் கொண்டாடும் அக்கையொப்பத்துக்குப் பின்னால், புலம்பெயர்ந்த ஒருவர் வாங்குபவரின் நாவை எண்ணிப் பார்த்த கணக்கும் உண்டு. குடியேறிய நாட்டில் பெயரைச் சுருக்கிக்கொண்ட எந்தத் தமிழருக்கும் இது விளக்காமலே விளங்கும்.

ஆர்ல் காலக் கடிதங்களின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. அவற்றில் மிகப் பல, கடிதம் வந்தது, அதனுடன் ஐம்பது அல்லது நூறு பிராங்க் தாளும் வந்தது என்று நன்றியோடு ஒப்புக்கொண்டு தொடங்குகின்றன. பின்னர் நடந்துகொண்டிருக்கும் பணி, முடிந்த ஓவியங்களின் அளவு, தேவைப்படும் வண்ணக் குழாய்கள், துணி, சட்டம், அடுத்த பணம் வர வேண்டிய நாள் ஆகியன வருகின்றன. சொல் என்பது செயலும் ஆகும் என்று ஆஸ்டின் வகுத்துக் காட்டிய கோட்பாட்டை இளங்கலை மாணவரும் அறிவர். இங்கு தொடக்கத் தொடர் பற்றுச்சீட்டு, நடுப்பகுதி பணி அறிக்கை, இறுதிப் பகுதி வேண்டுகை. உணர்ச்சியும் தத்துவமும் இயற்கை வருணனையும் இச்சட்டகத்துக்குள்தான் வருகின்றன. சட்டகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளிருப்பதை மட்டும் எடுத்துவைப்பது, கல்வெட்டில் கொடைப் பகுதியை நீக்கிவிட்டு மெய்க்கீர்த்தியை மட்டும் பதிப்பிப்பதை ஒக்கும்.

அலுப்பூட்டும் பகுதிகள் என்று ஒதுக்கப்படும் அப்பட்டியல்களின் பயனுக்கு ஒரு சான்று போதும். ஆர்ல் படுக்கையறை ஓவியத்தின் சுவர்கள் இன்று நீலமாகத் தெரிகின்றன. கடிதத்தில் வின்சென்ட் அவற்றை வெளிர் ஊதா என்கிறார். அவர் வரவழைத்த சிவப்புச் சாயங்கள் சில ஒளிபட்டு மங்கும் தன்மையுடையவை. நீலத்தோடு கலந்த சிவப்பு மறைந்துபோக, ஊதா நீலமாயிற்று. ‘ஜெரேனியம் லேக்’ என்ற சிவப்பு அவர் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கியவற்றுள் ஒன்று. எந்தக் குழாய் எப்போது கேட்கப்பட்டது என்று காட்டும் வரிகள், அறிவியல் ஆய்வுகளோடு சேர்ந்து, ஓவியம் முதலில் எவ்வாறு இருந்தது என்பதற்கு வழிகாட்டுகின்றன. நீலச் சுவரில் கலைஞனின் தனிமையைக் கண்டு எழுதப்பட்ட பக்கங்களை, வெட்டப்பட்ட பட்டியல்களே பொய்யாக்குகின்றன.

இதற்கு எதிராக வலுவான மறுப்பு ஒன்று எழக்கூடும். தியோ வணிகரானாலும் தம்பி. அவர் இலாபம் கருதி அனுப்பவில்லை. 1888 அக்டோபரில் எழுதிய கடிதத்தில், வின்சென்ட் திருப்பித் தர விரும்பும் கடன் என்ற ஒன்றைத் தாம் அறியவே இல்லை என்றும், அவருக்குக் கவலை நீங்க வேண்டும் என்பதே தம் விருப்பம் என்றும் தியோவே சொல்கிறார். அவ்வாறிருக்க, இதைக் கணக்காகப் படிப்பது கொச்சைப்படுத்தல் ஆகாதா?

மறுப்பின் முதற்பாதி முற்றிலும் சரி. அன்பு இருந்தது, அதை மறுப்பவர் கடிதங்களைப் படிக்காதவர். ஆனால் தியோ கணக்கைத் தள்ளுபடி செய்ய விரும்பினார் என்பதே கணக்கு இருந்தது என்பதற்குச் சான்று. வின்சென்ட் அத்தள்ளுபடியை ஏற்கவில்லை என்பதும் அக்கடிதங்களிலேயே உள்ளது. ஓவியங்கள் ஒருநாள் செலவிட்ட பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவே இல்லை. வறுமை பற்றிய மிகையுணர்ச்சிக்கும் அவர் இடந்தரவில்லை. தம் நண்பரான அஞ்சல் ஊழியர் ரூலான் மாதம் 135 பிராங்கில் மூன்று குழந்தைகளை வளர்ப்பதை அவரே வியந்து குறிப்பிடுகிறார். தம் செலவு எவ்வளவு, அது எங்கே போகிறது, ஈடாக என்ன தருகிறோம் என்பதை நேர்மையாகக் கணக்கிட்ட மனிதர் அவர். அன்புக்குரியவரானதால் கணக்கு வேண்டா என்று அவர் நினைக்கவில்லை. அன்புக்குரியவர் என்பதாலேயே கணக்கு நேராக இருக்க வேண்டும் என்று நினைத்தார். அவர் காத்த அம்மானத்தை, அவர்மீது அன்பு கொண்டதாகச் சொல்லும் வாசகர்கள் பறிக்கலாகாது.

1890 ஜூலையில் இறந்தபோது அவரிடமிருந்த முற்றுப்பெறாத கடிதம் இவ்விவாதத்தை முடித்துவைக்கிறது. அது பேசும் பொருள் ஓவிய வணிகம். இறந்த ஓவியர்களின் படைப்புகளை விற்கும் வணிகருக்கும் வாழும் ஓவியர்களின் படைப்புகளை விற்கும் வணிகருக்கும் இடையிலான நிலை பற்றி அதில் எழுதியிருக்கிறார். தியோ வெறும் கோரோ ஓவிய வணிகர் அல்லர் என்றும், தம் வழியாக ஓவியங்களின் ஆக்கத்திலேயே அவருக்குப் பங்குண்டு என்றும் சொல்கிறார். தம்பியைத் தொழில் நீக்கிய தம்பியாக அவர் கடைசி வரை பார்க்கவில்லை. வணிகத்தையே ஆக்கத்தின் பங்காளியாக உயர்த்திக் காண முயன்றார். கடிதத்தை எழுதியவரே மறைக்காத ஒன்றை அதை வாசிப்பவர்கள் ஏன் மறைக்க வேண்டும்?

மறைப்பதில் ஒரு வரலாறும் உண்டு. தியோ 1891 ஜனவரியில் இறந்தார். அவர் மனைவி யோஹன்னா வான்கோ-போங்கர் ஓவியங்களையும் கடிதங்களையும் காத்து, கண்காட்சிகள் நடத்தி, தேர்ந்து தேர்ந்து விற்று, 1914இல் கடிதங்களை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அவர் உழைப்பின்றி இன்றைய வான்கோ இல்லை. குடும்பத்தின் கணக்கேட்டையும் அவர் தொடர்ந்து எழுதினார். தியோவும் அவரும் எழுதிய அக்கணக்கேடு 2002இல் நூலாக வெளிவந்தது. கடிதங்களைப் பற்றி எழுதுவோரில் கணக்கேட்டைத் திறந்தவர் அரிது. 2009இல் வெளிவந்த முழுப் பதிப்பில், எஞ்சியுள்ள 902 கடிதங்களில் 819 வின்சென்ட் எழுதியவை. அவருக்கு வந்தவை 83 மட்டுமே. வணிகரின் வீட்டில் ஓவியரின் கடிதங்கள் பாதுகாக்கப்பட்டன. ஊர் ஊராக அலைந்த ஓவியரிடம் வணிகரின் கடிதங்களில் பெரும்பாலானவை தங்கவில்லை. ஒரு தரப்பின் வேண்டுகைகள் மட்டும் எஞ்சி, மறுதரப்பின் விடைகள் அழிந்துவிட்டால், வேண்டியவர் ஓயாது புலம்புபவராகத் தோன்றுவது இயல்பு. அத்தோற்றத்துக்குக் காரணம் ஆவணக் காப்பின் ஒருதலைமை என்பதை மறந்து, ஓவியரின் மனநிலையை ஆராயப் புறப்படுவது ஆய்வு நெறிக்கு ஒவ்வாதது.

மாற்று வாசிப்புக்கு முன்மாதிரி வெளியே தேடப்பட வேண்டியதில்லை. மேற்குக் கடற்கரையிலேயே உள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் துனிசியாவின் மஹ்தியாவிலிருந்து புலம்பெயர்ந்து மங்களூரில் தங்கி, வெண்கலப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகரின் கடிதப் போக்குவரத்து கெய்ரோவின் தொழுகைக்கூட ஆவணக் குவியலில் கிடைத்தது. ஏடனிலிருந்து அவருக்கு வந்த கடிதங்களில் வாழ்த்தும் வருத்தமும் உள்ளன. பரிசாக அனுப்பிய காகிதமும் சர்க்கரையும் உலர்ந்த திராட்சையும் பேசப்படுகின்றன. முன்பணம் வாங்கிக்கொண்டு ஏலக்காய் தராத இடைத்தரகர் மீதான சினமும் இருக்கிறது. கோய்ட்டைனும் அவர் வழிவந்தோரும் ஒரு வரியையும் தள்ளாமல் அவற்றைப் படித்தனர். அதனால்தான் அவ்வணிகரின் குடும்பத் துயரமும் மிளகு விலையும் ஒருங்கே வரலாறாயின. வணிகர் கடிதத்தில் உணர்ச்சியைத் தேடிக் கண்டெடுக்கத் தெரிந்த கல்விப்புலத்துக்கு, ஓவியர் கடிதத்தில் கணக்கைக் காண ஏன் கூச்சம்?

தமிழ்த் துறைகளுக்கு இக்கூச்சம் சற்றும் பொருந்தாது. பரிசில் கேட்டுப் பாடுவதற்கெனப் பரிசில் கடாநிலை என்று தனித்துறையே வகுத்த மரபு இது. பெருஞ்சித்திரனார் தம் குடும்பத்தின் பசியைக் குமணனிடம் விரித்துரைக்கும் புறப்பாடல்களை எவரும் புலம்பல் என்று தள்ளியதில்லை. கவிதை அல்லாத பகுதி என்று வெட்டியதும் இல்லை. அதே புலவர், தம்மை நேரில் காணாமல் அதியமான் அனுப்பிய பரிசிலை மறுத்ததைப் புறநானூற்றின் 208ஆம் பாடல் பதிவுசெய்கிறது. கேட்பதற்கும் மறுப்பதற்கும் அடியில் இருப்பது ஒரே தன்மதிப்பு என்பதைச் சங்கப் பாடலில் விளக்கும் பேராசிரியர், ஆர்ல் நகரக் கடிதத்துக்கு வந்ததும் வேறு அளவுகோலை எடுப்பது முரண்.

இம்முரணின் விளைவு ஐரோப்பாவோடு முடிவதில்லை. கோவாவில் பிறந்து, கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்டு, 1949இல் லண்டனுக்குப் புலம்பெயர்ந்த எஃப். என். சூசா 1955இல் விக்டர் மஸ்கிரேவின் ‘கேலரி ஒன்’ கண்காட்சி வழியே பெயர்பெற்றார். அடுத்த சில ஆண்டுகள் ஹெரால்டு கோவ்னர் என்ற அமெரிக்கர் தொடர்ந்து பணம் கொடுத்து, ஈடாக ஓவியங்களைப் பெற்றுக்கொண்டார். தியோவின் ஏற்பாட்டின் மறுவடிவம் இது. சூசாவைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி அவருடைய சீற்றத்தையும் காமத்தையும் சமய மறுப்பையும் பேசுகிறது. இந்த ஏற்பாடு அடிக்குறிப்பாகச் சுருங்குகிறது. 1966இல் சென்னைக்கு அருகே கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தபோது, அங்கிருந்தோரில் பலர் கேரளத்திலிருந்து வந்தவர்கள். பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்று ஓவியத்தைக் காத்துக்கொள்வது அவர்கள் கண்ட வழி. வணிகரின் மாதப்பணத்துக்குக் காத்திராமல் வாழ்வது எவ்வாறு என்ற கேள்விக்கு அவர்கள் அளித்த விடை அது. அவ்விடையைப் பொருளியல் விடையாகப் படிக்காமல், கடலோரக் கலைத் தவம் என்று வருணிப்பதும் இதே வெட்டலின் மற்றொரு வடிவம்.

மீண்டும் மட்டாஞ்சேரி. பஜார் சாலையில் சுக்கும் மிளகும் அடுக்கியிருந்த கிடங்குகளில் 2012 முதல் கொச்சி-முசிரிஸ் பினாலே நடந்து வருகிறது. அதன் ஐந்தாம் பதிப்பு 2022 டிசம்பர் 12 அன்று திறக்கப்பட இருந்து, முந்தின மாலை 23ஆம் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டது. மும்பையில் பிறந்து சிங்கப்பூருக்குப் புலம்பெயர்ந்த கலைஞர் ஷுபிகி ராவ் அப்பதிப்பின் பொறுப்பாளர். அவரும் ஐம்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களும் ஒரு திறந்த மடல் வெளியிட்டனர். தாமதமாக வந்த சரக்குப் பெட்டிகள், கூடங்களில் ஒழுகிய மழைநீர், நிலையற்ற மின்சாரம், போதாத கருவிகள், போதாத பணியாளர்கள், வெளிப்படைத்தன்மையின் குறை ஆகியன அதில் இடம்பெற்றன. புயல் மழை, கட்டடம் கையில் கிடைப்பதில் தாமதம், நிதி நெருக்கடி ஆகியன அமைப்பாளர்கள் தரப்பில் சொல்லப்பட்ட காரணங்கள். எத்தரப்பின் நியாயம் எவ்வளவு என்பது இங்கு கேள்வியன்று.

அம்மடலின் வகை எது என்பதே கேள்வி. சரக்கு, மழை, மின்சாரம், கருவி, பணியாளர்: பென் யிஜுவுக்கு வந்த கடிதங்களிலும் வின்சென்ட் எழுதிய கடிதங்களிலும் உள்ள அதே பொருள்கள். அது ஒரு பணி ஆவணம். ஆனால் கலை என்றால் ஆன்ம வெளிப்பாடு என்று வகுப்பறையில் பழகிய காதுக்கு, மின்சாரம் பற்றிப் பேசும் கலைஞர் தம் தகுதியிலிருந்து ஒரு படி இறங்கியவராகவே கேட்கும். கலைஞர்கள் இப்படிப் பொதுவெளியில் கணக்குப் பேசலாமா என்ற முகச்சுளிப்பு அங்கிருந்துதான் பிறக்கிறது. வான்கோவின் கடிதங்களிலிருந்து பணத்தை வெட்டிக் கற்பிக்கும் ஆசிரியர், அறியாமலேயே இம்முகச்சுளிப்பையும் கற்பிக்கிறார். அவரிடம் படித்தவர் நாளை ஒரு கண்காட்சியை நடத்தும் இடத்தில் அமரும்போது, ஓவியர் ஊதியம் கேட்டு எழுதும் மின்னஞ்சலுக்கு விடை எழுதாமல் இருப்பதில் குற்றவுணர்வு கொள்ளமாட்டார். பாசத்தாலும் புகழாலும் நிறைந்த உறவில் பணம் கேட்பது பண்பாடன்று என்று அவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறதே.

செய்ய வேண்டியவை அரியனவும் அல்ல. வான்கோ கடிதங்களைத் தமிழாக்குவோர் எந்தக் கடிதத்தை எடுத்தாலும் அதை முழுமையாக ஆக்க வேண்டும். நூறு கடிதங்களின் பொறுக்கிய வரிகளைவிட முழுமையான பத்துக் கடிதங்கள் மேல். ஓவியர் கடிதங்களை ஆய்வேட்டில் சான்றாக்கும் மாணவரிடம், மறுதரப்பின் கடிதம் எங்கே, கணக்கேடு எங்கே என்று நெறியாளர் கேட்க வேண்டும். அவை கிடைக்கவில்லையெனில் கிடைக்காததன் காரணமும் ஆய்வேட்டில் இடம்பெற வேண்டும். மூன்றாவது கடமை காலத்தோடு போட்டியிடுவது. மட்டாஞ்சேரியின் கிடங்குகளில் தம் படைப்பை நிறுவிச் செல்லும் ஓவியர்களின் மின்னஞ்சல்களும் வாட்ஸ்அப் உரையாடல்களும் சரக்குச் சீட்டுகளும் விலைப்பட்டியல்களுமே இந்நூற்றாண்டின் ஓவியர் கடிதங்கள். ஒரு கைப்பேசி பழுதானால் அழிந்துவிடக்கூடியவை அவை. அழைத்த அமைப்பின் கோப்பில் மட்டும் அவை தங்கினால், ஒரு தரப்பின் பிரதி மட்டும் எஞ்சிய 1888இன் குறை மீண்டும் நேரும். படைத்தவரின் பிரதியும் பல்கலைக்கழக நூலகங்களிலோ பொது ஆவணக் காப்பகங்களிலோ, அவர் ஒப்புதலோடு, சேர வேண்டும்.

பரதேசி என்ற சொல் மட்டாஞ்சேரியில் ஒரு கூடத்தின் பெயராக, மதிப்போடு, நான்கரை நூற்றாண்டுகளாக நிற்கிறது. தொலைவிலிருந்து வந்தவர், வந்த இடத்தில் வணிகம் செய்தவர், கணக்கு எழுதியவர், வழிபட்டவர் என்ற நிறைவான பொருள் அதற்கு உண்டு. புலம்பெயர் ஓவியரின் கடிதத்தையும் அப்பொருளில் படிப்பதே முறை. ஐம்பது பிராங்க் வந்து சேர்ந்தது என்று எழுதியவர் ஒரு வரவை ஒப்புக்கொண்டார். ஈடாக ஓவியங்களைச் சுருட்டி அனுப்பினார். அவர் எவரிடமும் இரக்கவில்லை.